செம்மண் சிற்பி இராம்கிங்கர்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஒரு குன்றைக் குடைந்து, ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னர்ப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு கோயில் எடுத்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் சேராமல் அக்கோயிலை அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கின்றது. அழியும் பொருள்களை விலக்கி, அழியாத பாறையை நாடினான் அம்மன்னன்.

அதே நிலப்பகுதியில் கலைக்கு மற்றொரு வழியும் உண்டு. ஒலக்கூர், திண்டிவனம், விழுப்புரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்ப் புறங்களில் ஐயனார் கோயில்களைக் காணலாம். அங்கே சுடுமண் குதிரைகள் வெயிலிலும் மழையிலும் அசையாமல் நிற்கும். அவற்றைச் செய்தவர் அரசரல்லர், ஊர்க் குயவர். குளத்து மண்ணே அவர்தம் பொருள். கையே அவர்தம் கருவி. குதிரை உடைந்தால் மீண்டும் ஒன்று செய்து வைப்பர்.

அரசன் தேடிய அழியாப் பெருமை ஒருபுறம். குயவன் கையிலெடுத்த எளிய மண் மறுபுறம். இவ்விரண்டையும் ஒன்றாக இணைக்க இயலுமா? பெரிய கோயிற் சிற்பத்தின் பெருமிதத்தை எளிய பொருளில் காட்ட இயலுமா? இயலும் என்று 20-ஆம் நூற்றாண்டில் செய்து காட்டினார் ஒருவர். அவரே வங்கத்துச் சிற்பி இராம்கிங்கர் பைஜ்.

பிறப்பும் இளமையும்

மேற்கு வங்காளத்தில் பாங்குரா என்பது ஒரு மாவட்டம். அது செம்மண் நிலம். நெல் விளையும் வயல்களுக்கு இடையே செந்நிறச் சரளை மேடுகள் தோன்றும். அம்மாவட்டத்து விஷ்ணுபூரில், சுட்ட செங்கல்லில் சிற்பம் பொதிந்த கோயில்கள் பல உள்ளன. அங்குள்ள குயவர் செய்யும் நீண்ட கழுத்துடைய மண்குதிரை இந்தியா முழுவதும் புகழ் பெற்றது. நம் ஐயனார் குதிரைக்கு அதனை உடன்பிறப்பு எனலாம்.

இத்தகைய மாவட்டத்தின் தலைநகராகிய பாங்குரா நகரில், 1906-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் இராம்கிங்கர் பிறந்தார். தந்தையார் பெயர் சண்டிசரண். முடி திருத்தும் தொழில் அக்குடும்பத்தின் வழிவழித் தொழில். வருவாய் சிறிது, வாய்கள் பல. ‘இராம்கிங்கர்’ என்னும் பெயருக்கு இராமனின் ஏவலாளன் என்பது பொருள். பெயருக்கேற்பப் பணிவும் உழைப்பும் அவரிடம் இளமையிலேயே அமைந்திருந்தன.

அவர் பள்ளியில் கற்றதைவிடத் தெருவில் கற்றதே மிகுதி. பூசைக் காலங்களில் பாங்குராவின் கைவினைஞர் வைக்கோலால் உடல் கட்டுவர்; அதன்மேல் களிமண் பூசுவர்; வண்ணம் தீட்டித் தெய்வத் திருவுருவங்களை ஆக்குவர். சிறுவன் அவர்கள் அருகே அமர்ந்து கண் கொட்டாமல் நோக்குவான். மண் பிசைந்து கொடுப்பான். தானும் சிறு பொம்மைகள் செய்வான். தாளும் தூரிகையும் வாங்கப் பொருளில்லை. ஆயினும் என்ன? கைக்குக் கிடைத்தவற்றைக் கொண்டு அவன் படம் எழுதினான். இல்லாமை அவனைத் தடுக்கவில்லை. இருப்பதைக் கொண்டு செய்யும் திறத்தை அவனுக்குக் கற்பித்தது.

அந்நாளில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. விடுதலைத் தலைவர்களின் உருவப் படங்கள் ஊர்வலங்களுக்கும் கூட்டங்களுக்கும் தேவைப்பட்டன. இளைஞராகிய இராம்கிங்கர் அப்படங்களை எழுதித் தந்தார். அவை பாங்குராவிற் பிறந்த பேரறிஞர் ஒருவரின் கண்ணிற் பட்டன. அவர்தாம் ‘மாடர்ன் ரிவ்யூ’, ‘பிரவாசி’ ஆகிய இதழ்களின் ஆசிரியர் இராமானந்த சட்டர்ஜி. ஏழை இளைஞரின் கைத்திறத்தை அவர் உடனே உணர்ந்தார். உணர்ந்ததோடு நில்லாமல், 1925-ஆம் ஆண்டில் அவரைச் சாந்திநிகேதனத்திற்கு அழைத்துச் சென்று சேர்த்தார். அப்போது இராம்கிங்கருக்கு வயது 19.

சாந்திநிகேதனத்தில்

சாந்திநிகேதனம் வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் உள்ளது. கவியரசர் இரவீந்திரநாத தாகூர் அங்கே மரநிழலில் பள்ளி ஒன்றை நிறுவி, பின்னர் 1921-இல் அதனை விசுவபாரதி என்னும் பெரும் கல்வி நிலையமாக வளர்த்தார். ஓவியமும் சிற்பமும் கற்பிக்கக் ‘கலாபவனம்’ என்னும் பிரிவும் அங்கே அமைந்தது. பெரும்புகழ் வாய்ந்த ஓவியர் நந்தலால் போஸ் அதன் தலைவராக விளங்கினார்.

புதிதாக வந்த மாணவர் தம் படங்களை நந்தலாலிடம் காட்டினார். அவற்றைக் கண்ட ஆசிரியர் வியந்தார்; இவ்வளவு அறிந்த ஒருவர் மேலும் கற்க வேண்டுவது யாது என்று கருதினார் என்பர். ஆயினும் சில ஆண்டுகள் அங்கே தங்கிப் பழகுமாறு பணித்தார். சில ஆண்டுகள் தங்க வந்தவர், தம் வாழ்நாளையே அங்குக் கழித்தார்.

கலாபவனத்தில் ஓவியக் கல்வி சிறந்திருந்தது. சிற்பக் கல்வி அப்போது முளைவிடும் நிலையிலேயே இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த சிற்பியர் சிலர் சிறிது காலம் தங்கிப் பயிற்சி அளித்தனர். ஆஸ்திரிய நாட்டு லிசா வான் பாட், இங்கிலாந்து நாட்டு மார்கரெட் மில்வார்டு ஆகிய இரு பெண்மணிகளிடம் இராம்கிங்கர் மேலை நாட்டு முறையை அறிந்து கொண்டார். நூல்களிலிருந்த படங்களின் வாயிலாக ஐரோப்பாவின் புதிய கலைப் போக்குகளையும் கற்றார். ஆயினும் எவரையும் அவர் படியெடுக்கவில்லை. பாங்குராவின் களிமண் தொழிலாளரிடம் கற்ற பாடம் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தது. கல்வி முடிந்தபின், 1934-ஆம் ஆண்டளவில் கலாபவனத்திலேயே ஆசிரியராக அமர்ந்தார்.

பொருளைத் தேடிய சிற்பி

சிற்பி ஒருவர்க்கு முதலில் எழும் வினா, எப்பொருளில் செய்வது என்பதே. ஓவியர்க்குத் தாளும் வண்ணமும் போதும். சிற்பிக்கு எடையுள்ள பொருள் வேண்டும். அது நிலைத்து நிற்கவும் வேண்டும்.

வெண்கலத்தில் வார்க்கலாமே என்று கருதலாம். நம் சுவாமிமலைச் சிற்பிகள் வழிவழியாக அதனைச் செய்து வருகின்றனர். முதலில் மெழுகில் உருவம் செய்வர். அதன்மேல் வண்டல் மண் பூசி உலர்த்துவர். சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுவர். மெழுகு இருந்த இடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். அழகிய முறையே, ஆனால், உலோகம் விலை மிக்கது. ஆள் உயரத்தினும் பெரிய உருவத்திற்கு எவ்வளவு உலோகம் வேண்டும்! எளிய ஊதியம் பெறும் ஆசிரியரால் அதனை எண்ணவும் இயலாது.

கல்லில் செதுக்கலாமே எனின், பீர்பூமின் அச்செம்மண் வெளியில் சிற்பத்திற்கேற்ற பெருங்கல் இல்லை. பாரிஸ் சாந்தில் வார்க்கலாமே எனின், அதுவும் செலவு மிக்கது. வெளியில் மழை தாங்காது. களிமண் உருவமோ ஒரு கோடையில் வெடித்துவிடும். இந்நிலையில் வேறொருவர் சோர்ந்து, மேசைமேல் வைக்கும் சிறு பொம்மைகளோடு நின்றிருப்பார்.

இராம்கிங்கர் சோரவில்லை. அவர் தம் காலடியை நோக்கினார். அங்கே செந்நிறச் சரளைக்கல் கொட்டிக் கிடந்தது. அது செம்பொறைக்கல் நொறுங்கி ஆன சரளை, பாதைக்கு இடுவது, விலையற்றது. வீடு கட்டுவோரிடம் சிமெண்டும் மணலும் இருந்தன. இவற்றைச் சேர்த்தால் என்ன என்று எண்ணினார். கொத்தனாரின் பொருளே சிற்பியின் பொருளாயிற்று.

செய்த முறை இது. முதலில் இரும்புக் கம்பிகளை வளைத்துக் கட்டி, உருவத்தின் எலும்புக் கூட்டை எழுப்புவார். சிமெண்டையும் மணலையும் சரளையையும் நீர் விட்டுக் குழைப்பார். அக்குழம்பைக் கையால் அள்ளிக் கம்பிக் கூட்டின்மேல் எறிந்து எறிந்து உடலை வளர்ப்பார். பிறகு தேவையற்ற இடங்களை வெட்டிக் களைந்து வடிவைத் திருத்துவார். சிமெண்டு சில மணி நேரத்தில் இறுகிவிடும். ஆதலால் தயக்கத்திற்கு இடமில்லை. எண்ணமும் கையும் ஒருங்கே விரைய வேண்டும். அவ்விரைவே அவருடைய சிற்பங்களுக்குத் தனி உயிரைத் தந்தது. மேற்பரப்பு வழவழப்பாக இராது, சொரசொரப்பாக இருக்கும். சரளையின் மணிகள் வெளியே தெரியும். அந்நிலத்து மண்ணே எழுந்து நடப்பதுபோல் அவ்வுருவங்கள் தோன்றும்.

சுஜாதை

இம்முறையில் அவர் 1935-ஆம் ஆண்டில் ஒரு பெண்ணுருவைச் சாந்திநிகேதனத்தின் திறந்த வெளியில் எழுப்பினார். அது மெலிந்து நெடிது உயர்ந்தது. சுற்றிலும் நின்ற நெடுமரங்களிடையே தானும் ஒரு மரம்போல் அது நின்றது. நந்தலால் அதனைக் கண்டு, தலைமேல் ஒரு கலத்தை வைக்குமாறு கூறினார். உடனே அவ்வுருவம் புதுப்பொருள் பெற்றது. மரத்தடியில் அமர்ந்த புத்தருக்குப் பாயசம் கொண்டு சென்ற சுஜாதை அவளே ஆயினாள்.

இதனைக் கண்டோர் சிலர் முகம் சுளித்தனர். அழகிய முகம் எங்கே, அணிகலன் எங்கே என்று கேட்டனர். முறையாக இசைவு பெறாமல் செய்த செயல் என்றும் முணுமுணுத்தனர். அந்நிலையில் தாகூர் தம்மை அழைப்பதாக இராம்கிங்கருக்குச் செய்தி வந்தது. கடிந்துரைப்பாரோ என்று அஞ்சியவாறே அவர் சென்றார். கவிஞரோ சிற்பத்தைப் பற்றி வினவினார். பின்னர், இத்தகைய சிற்பங்களால் ஆசிரமம் முழுவதையும் நிரப்புமாறு பணித்தார் என்று கூறுவர். அந்தச் சொல்லைவிடப் பெரிய பரிசு ஓர் இளங்கலைஞர்க்கு வேறு யாது?

சந்தால் குடும்பம்

அவ்வூக்கத்தின் பயனாக 1938-இல் எழுந்ததே ‘சந்தால் குடும்பம்’ என்னும் பெருஞ்சிற்பம். இராம்கிங்கரின் புகழை நிலைநாட்டியது அதுவே.

சந்தால் மக்கள் கிழக்கிந்தியாவில் வாழும் பழங்குடியினர். அறுவடைக் காலத்திலும் பிற காலத்திலும் வேலை தேடிக் குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் செல்வது அவர்கள் வாழ்வில் வழக்கமாயிருந்தது. அத்தகைய ஒரு குடும்பத்தையே அவர் கண்முன் நிறுத்தினார். தந்தையின் தோளில் காவடித் தண்டு. அதன் ஒரு கூடையில் ஒரு குழந்தை. தாயின் தலையில் சுமை, இடுப்பில் கைக்குழந்தை. உடன் ஒரு நாய். வீட்டுப் பொருள் முழுவதும் அவ்விருவர் சுமையில் அடங்கிவிட்டது. அவர்கள் வறியவர், ஆயினும் தலை குனிந்தவரல்லர். நிமிர்ந்து நடக்கின்றனர். எதிர்வரும் நாள் எத்தகையதாயினும் அதனைத் தாங்கும் வலிமை அவர்கள் தோளில் தெரிகின்றது.

இச்சிற்பத்தின் புதுமையை உணர வேண்டின், அக்காலத்துப் பொதுவிடச் சிலைகளை நினைவிற் கொள்ளவேண்டும். சென்னையில் குதிரைமேல் அமர்ந்த ஆளுநர் தாமஸ் மன்றோவின் வெண்கலச் சிலையை நாம் அறிவோம். அது 1839-இல் நிறுவப்பெற்றது. அந்நாளில் பெருஞ்சிலை என்றால் அரசர்க்கும் ஆளுநர்க்கும் உரியது. அதனை வெளிநாட்டிலிருந்து வருவிப்பர். உயர்ந்த பீடத்தின்மேல் ஏற்றுவர். மக்கள் அண்ணாந்து பார்ப்பர். இராம்கிங்கரோ கூலிவேலைக்குச் செல்லும் ஒரு குடும்பத்திற்கு அந்தப் பேருருவைக் கொடுத்தார். உயர்ந்த பீடமும் இல்லை. நாம் நிற்கும் மண்ணிலேயே அவர்களும் நடக்கின்றனர். பொதுவிடத்தில் நிறுவப்பெற்ற இந்தியாவின் முதல் நவீனச் சிற்பம் என்று கலையறிஞர் இதனைப் போற்றுகின்றனர்.

சென்னைக் கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் நான்கு தொழிலாளரின் உழைப்பாளர் சிலையைக் காணாதார் யார்? தேவி பிரசாத் ராய் சௌதுரி ஆக்கிய அச்சிலை 1959-இல் நிறுவப்பெற்றது. அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே, விலையற்ற சரளையில் உழைப்பாளிக்கு மணிமகுடம் சூட்டியவர் இராம்கிங்கர்.

பிற படைப்புகள்

இதன்பின் அவர் கை ஓயவில்லை. தாகூரின் தலையுருவம் ஒன்றைச் செய்தார். கவிஞரை அழகிய முதியவராகக் காட்டுவது பிறர் வழக்கம். இராம்கிங்கரோ முதுமையும் சிந்தனையும் அழுத்தக் குனிந்த தலையைக் காட்டினார். அதனைக் கண்டோர் திடுக்கிட்டனர்; ஆயினும் அதிலுள்ள உண்மையை மறுக்க இயலவில்லை. 1940-இல் ‘விளக்குத் தண்டு’ என்னும் சிற்பத்தைச் செய்தார். மனிதர், விலங்கு ஆகிய எவ்வுருவத்தையும் சாராத தூய வடிவம் அது.

1943-ஆம் ஆண்டு வங்காளத்திற்குக் கொடிய ஆண்டு. பெரும் பஞ்சத்தில் எண்ணற்றோர் உணவின்றி மாண்டனர். அதே ஆண்டில் இராம்கிங்கர் நெற்கதிரை அடிக்கும் உழவர் உருவம் ஒன்றை ஆக்கினார். அதற்குத் தலை இல்லை. உடலின் விசை முழுவதும் ஓங்கிய கைகளிலும் முறுக்கேறிய இடுப்பிலும் திரண்டு நிற்கின்றது. இன்னார் என்று பெயர் சுட்ட வேண்டுவதில்லை. உழைப்பே அங்கு உருவெடுத்துள்ளது.

1956-இல் செய்த ‘ஆலைச் சங்கு’ அவர்தம் படைப்புகளுள் மற்றொரு சிகரம். ஆலையின் சங்கொலி கேட்டு இரு சந்தால் பெண்கள் விரைந்து ஓடுகின்றனர். குளித்து உடுத்த நேரமில்லை. நனைந்த சேலை காற்றில் பறந்தவாறே உலர்கின்றது. பின்னே ஒரு சிறுவன் ஓடி வருகின்றான். 1938-இல் கூடை சுமந்து நிதானமாக நடந்த மக்கள், 1956-இல் ஆலை நேரத்திற்கு அஞ்சி ஓடுகின்றனர். சிற்றூர் வாழ்வு மாறிய வரலாற்றை ஒரு நூலும் இவ்வளவு சுருங்கக் கூறாது.

காந்தியடிகளின் உருவத்தையும் அவர் வடித்தார். கோலூன்றி நடக்கும் அண்ணலின் காலடியில் மண்டையோடுகள் கிடக்கின்றன. விடுதலையை ஒட்டி நாட்டில் நிகழ்ந்த பெருங்கொலைகளையும், அவற்றின் நடுவே அமைதி நாடி நடந்த முதியவரையும் அச்சிற்பம் நினைவூட்டுகின்றது.

இயக்கனும் இயக்கியும்

நாடு விடுதலை பெற்றபின், பொதுக் கட்டடங்களில் இந்தியக் கலைஞரின் படைப்புகள் இடம்பெற வேண்டும் என்று பிரதமர் நேரு விரும்பினார். அதன்படி, புதுதில்லியில் ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் வாயிலில் இரு பெருஞ்சிலைகள் அமைக்கும் பணி இராம்கிங்கரிடம் வந்தது. செல்வத்தைக் காக்கும் இயக்கனும் இயக்கியும் அங்கு நிற்க வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது.

பழைய இயக்கர் உருவங்களை அவர் அருங்காட்சியகங்களில் ஆராய்ந்தார். மதுராவிலுள்ள பார்க்கம் இயக்கனும், கல்கத்தாவிலுள்ள பேசுநகர் இயக்கியும் அவருக்கு வழிகாட்டின. ஆயினும் பழமையைப் பழமையாகவே விட்டுவிடவில்லை. இயக்கனைத் தொழில் வளத்தின் உருவமாகவும், இயக்கியை வேளாண்மை வளத்தின் உருவமாகவும் அமைத்தார். இம்முறை பொருள் சரளையன்று. இமயமலைச் சாரலாகிய காங்ரா பள்ளத்தாக்கின் கல். தக்க கல்லைத் தேடுவதும் வெட்டுவதும் தில்லிக்குக் கொண்டு வருவதும் பெரும்பாடாயின. செலவும் காலமும் எண்ணியதற்கு மேலாயின. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் உழைத்து, 1967-இல் அப்பணியை நிறைவேற்றினார். இயக்கியின் ஆடையின்மை குறித்து மாநிலங்களவையிலும் கண்டனம் எழுந்தது. அவர் கலங்கவில்லை. பல நூற்றாண்டுகளாக நம் கோயில்களில் நிற்கும் சிற்ப மரபையே தாம் பின்பற்றியதை அவர் நன்கு அறிந்திருந்தார். இன்றும் அவ்விரு பேருருவங்களும் வங்கி வாயிலைக் காத்து நிற்கின்றன.

எளிய வாழ்வு

நாட்டின் செல்வக் களஞ்சியத்தின் வாயிலில் காவலர்களை நிறுத்திய அச்சிற்பி, தமக்கெனச் செல்வம் சேர்த்தாரல்லர். சாந்திநிகேதனத்தில் கூரை வேய்ந்த எளிய வீட்டில் வாழ்ந்தார். உழவர் அணியும் ஓலைத் தொப்பி தலையில். எளிய உடை மேனியில். சந்தால் மக்களோடு நெருங்கிப் பழகினார். அவர்களுடைய ஆடலும் பாடலும் அவருக்கு உயிர். தாமும் இனிய குரலில் பாடுவார்; நாடகங்களில் நடிப்பார்; பிறரையும் நடிக்கச் செய்வார்.

ஓவியத்திலும் அவர் வல்லவர். நீர் வண்ணத்திலும் எண்ணெய் வண்ணத்திலும் எண்ணற்ற படங்களை எழுதினார். ஆனால் அவற்றைப் போற்றிச் சேர்த்து வைத்தல் அவர் இயல்பன்று. மழைக்காலத்தில் கூரை ஒழுகியபோது, தாம் எழுதிய ஓவியச் சீலைகளையே எடுத்துக் கூரையில் செருகி மழையைத் தடுத்தார். இதனை அறியாமை எனல் பொருந்தாது. படைக்கும் போதே அவர் இன்பத்தைப் பெற்றுவிட்டார். படைத்த பொருளைப் பற்றிக்கொள்ளும் ஆசை அவரிடம் இல்லை. ஆயினும் அந்தப் பற்றின்மையால் நாடு இழந்த ஓவியங்கள் எத்தனையோ! கலைஞரைப் போற்றவேண்டிய கடமை கலைஞருடையது மட்டுமன்று, சமுதாயத்தினுடையதும் ஆகும்.

ஆசிரியராக அவர் ஆற்றிய தொண்டு பெரிது. தம்மைப்போல் செய்யுமாறு மாணவரை அவர் பணித்ததில்லை. கண்ணைத் திறந்து பார்க்குமாறும், கை அஞ்சாமல் உழைக்குமாறுமே பழக்கினார். சங்கோ சௌதுரி முதலிய சிற்பிகள் அவரிடம் பயின்றவர்கள். தமிழ்க் குடும்பத்தில் தோன்றிச் சென்னை மாநிலக் கல்லூரியில் கற்ற கே. ஜி. சுப்பிரமணியன், விடுதலைப் போரில் சிறை சென்றபின், 1944-இல் கலாபவனம் சேர்ந்தார். நந்தலாலும் இராம்கிங்கரும் அமைத்த சூழலில் வளர்ந்த அவர், சுடுமண்ணையும் எளிய பொருள்களையும் கொண்டு பெரும்புகழ் பெற்றார். ஆசிரியர் இட்ட விதை தமிழர் ஒருவரிடத்தும் தழைத்தது.

இறுதி நாட்கள்

1970-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1971-இல் அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1976-இல் லலித கலா அகாதெமி அவரைத் தன் சிறப்பு உறுப்பினராக ஏற்றது. விசுவபாரதியும் தேசிகோத்தமர் என்னும் தன் உயரிய பட்டத்தை அளித்துப் பெருமை கொண்டது. 1975-இல் புகழ்பெற்ற இயக்குநர் ரித்விக் கட்டக் அவர் வாழ்வைப் படமாக்கத் தொடங்கினார். மறு ஆண்டில் இயக்குநர் மறைந்தமையால் அப்படம் முற்றுப்பெறவில்லை.

1980-ஆம் ஆண்டில் இராம்கிங்கர் நோயுற்றுக் கல்கத்தா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். படுக்கையிலும் அவர் கை சும்மா இருக்கவில்லை. சிறியதொரு துர்க்கை உருவத்தை அங்கே செய்தார். இளமையில் பாங்குராத் தெருவில் பூசைக்குரிய மண்ணுருவங்களைக் கண்டு பழகிய கை, இறுதியிலும் அன்னையின் உருவத்தையே செய்து ஓய்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள் அவர் உலக வாழ்வை நீத்தார். அப்போது அவருக்கு வயது 74.

அவர் விட்டுச் சென்றவை

சிமெண்டும் இரும்பும் பாறைபோல் நிலைத்தன அல்ல. மழைநீர் உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு பெருகினால் சிமெண்டு வெடிக்கும். ஆதலால் இராம்கிங்கரின் சிற்பங்களைக் காப்பது அறிஞர்க்குப் பெரிய பொறுப்பாக உள்ளது. விலை மிக்க பொருளுக்காகக் காத்திருந்தால் அவர் நிலைத்த சிற்பங்களைச் செய்திருக்கலாம். ஆனால் காத்திருந்தே வாழ்நாள் கழிந்திருக்கவும் கூடும். காத்திருப்பதைவிடச் செய்வதே மேல் என்று அவர் துணிந்தார். அத்துணிவின் பயனை நாம் பெற்றோம். அதனைக் காக்கும் கடனும் நம்முடையதே.

2012-ஆம் ஆண்டில் புதுதில்லித் தேசிய நவீனக் கலைக்கூடம் அவர் படைப்புகளைத் தொகுத்துப் பெரிய காட்சி ஒன்றை நடத்தியது. 2023-இல் சாந்திநிகேதனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. இன்று பழைய இரும்பு, உடைந்த ஓடு, கழித்த மரம் ஆகியவற்றைக் கொண்டு சிற்பம் செய்யும் கலைஞர் நாடெங்கும் பலர் உள்ளனர். எளிய பொருளைக் கண்டு நாணாமல் கையிலெடுக்கும் வழியை அவர்களுக்கு முன்னே நடந்து காட்டியவர்களுள் இராம்கிங்கர் முதன்மையானவர்.

பொருள் இல்லை, கருவி இல்லை, துணை இல்லை என்று கூறி வாளா இருப்போர் உலகில் பலர். அவர்கள் தேடும் பொருள் காலடியிலேயே கிடக்கலாம். காணும் கண் வேண்டும். அவர்கள் தேடும் தலைவன் வயல் வரப்பில் சுமையோடு நடந்து செல்லலாம். மதிக்கும் மனம் வேண்டும். இவ்விரண்டும் இராம்கிங்கரிடம் இருந்தன. ஆகையால் மிதிபடும் சரளையும் மேன்மை பெற்றது. மிதிபட்ட மக்களும் மேன்மை பெற்றனர். கண்ணும் மனமும் கையும் ஒன்றுபட்டு உழைத்தால் எளிய பொருளும் அரிய செல்வமாகும் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.